முப்பத்தாறாம் பல்

"உனக்கு வாயே இல்லையா?" என்று ஒரு பெண்மணி ஒருமுறை என்னைக் கேட்டார். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், வாய்நல மையத்தின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர். யாருக்கு வைத்தியம், நோயாளிக்கு நீ என்ன உறவு, பிரச்சினை பல்லிலா ஈறிலா நாக்கிலா என்று அடுக்கடுக்காகக் கேட்டிருந்தார். எனக்குப் பேச்சு தொடங்கக் கொஞ்ச நேரமாகும். முதல் கேள்விக்குப் பதிலை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து மாமா சொன்னார்: "அவ வாயையும் சேர்த்து எனக்கே குடுத்துட்டாங்க மேடம். அதான் ஓவரா ஓடி ரிப்பேர் ஆயிடுச்சு."

மாமா, அம்மாவின் தம்பி. காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுபவர். லாரி வந்து சரக்கு இறங்கியதும் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று விலையை ஏற்றுவார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்து நிறுத்தி எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். மூன்றாம் தரம் சொல்லும்போது மூட்டையின் மேல் உள்ளங்கையால் ஓர் அறை விழும். அந்த அறைக்குப் பிறகு யார் கெஞ்சினாலும் பேச்சு கிடையாது. அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். வீட்டிலும் அதே வழக்கம்தான். போதும் என்பதை மூன்று தரம் சொல்லி, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் ஒன்பதாம் வகுப்போடு வீட்டில் நின்றுவிட்டவள். யாருக்கு எங்கே துணை வேண்டுமானாலும் என்னை அனுப்பிவிடுவார்கள். மாமா எனக்கு வைத்திருந்த பெயர் சாமியார்.

மாமாவின் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு கட்டி. அதற்குக் கதிர் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. கதிர் டாக்டர் அதிகம் பேசாதவர். படத்தை விளக்கில் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். கட்டிக்குப் பக்கத்திலேயே கீழ் இடது கடைவாயில் ஒரு பல் சொத்தையாகி வேர்வரை சீழ் வைத்திருக்கிறது. கதிர் பட்ட தாடையில் பிற்பாடு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது, எலும்பே செத்துப்போகலாம். ஆகவே பல் முதலில் போக வேண்டும். பிடுங்கிய இடம் ஆற இரண்டு வாரமாவது விட்டுத்தான் கதிரைத் தொடங்க முடியும்.

"பல் போனதும் வாங்க," என்றார். "ஆனா சீக்கிரம் போகணும். கட்டி உங்களுக்காகக் காத்துட்டு இருக்காது."

மாமாவுக்கு அது சின்ன வேலையாகத்தான் பட்டது. எங்கள் தெருமுனைப் பல் டாக்டரிடம் அன்றைக்கே போனார். அவர் நாற்காலியைச் சாய்த்து, கருவிகளைப் பரப்பி, எதற்காக இவ்வளவு அவசரம் என்று கேட்டார். மாமா சொன்னார். அவர் நாற்காலியை மெதுவாக நிமிர்த்தினார். அடுத்தவர் வீட்டுக் குழந்தையை இறக்கிவிடுவது போல மாமாவைக் கீழே இறக்கிவிட்டு, அந்த ஆஸ்பத்திரியிலேயே பிடுங்கிக்கொள்வதுதான் எல்லாருக்கும் நல்லது என்றார். அப்படித்தான் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தோம்.

மையம் வருவதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் தரைத்தளத்தில் ஓர் அறை இருந்ததாம். அதில் ஒரு டாக்டர், ஒரு நாற்காலி. போனால் அரைமணியில் பல்லைப் பிடுங்கி அனுப்பிவிடுவாராம். இப்போது அந்த அறையில் மையத்தின் விளம்பரத் தட்டிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டி வாசலிலேயே சாய்ந்து நின்றது. புற்றுநோயாளியின் வாய்க்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு என்று அதில் எழுதியிருந்தது. படத்தில் சிரித்தவருக்கு எந்த நோயும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

மையத்தில் வியாழக்கிழமை தோறும் வாய்ச் சுற்று நடக்கும். நோயாளிகள் சுவரோரம் வரிசையாக உட்கார வேண்டும். மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்க வேண்டும். டாக்டர்கள் பதவி வரிசைப்படி வருவார்கள். மையத்தின் தலைவர் கையில் இருக்கும் டார்ச் முழங்கை நீளம். அடுத்தவருடையது அதில் பாதி. கடைசியில் வரும் சின்ன டாக்டரிடம் பேனா அளவுக்கு ஒன்று. அதையும் தலைவரின் டார்ச் அணைந்த பிறகுதான் அவள் போடலாம். தலைவர் ஒரு வாயின் முன் நின்றால் வரிசையே நிற்கும். அவர் தலையை ஆட்டினால் எல்லாரும் ஆட்டுவார்கள். அதுவரை மற்ற வாய்கள் எல்லாம் திறந்தபடியே இருக்க வேண்டும். மூடினால் நர்ஸ் வந்து தாடையைத் தட்டுவார்.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் உண்டு. எந்தப் பல்லில் கோளாறோ அந்த எண்தான் ஆளுக்கும். மாமா முப்பத்தாறு. முதல் நாள் அதை வரிசை எண் என்று நினைத்துக்கொண்டு, தனக்கு முன்னால் இருப்பவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல சாமியாரே, ஏழு பேர்தான் இருக்காங்க, இருபத்தெட்டு பேர் வரல போல" என்று சந்தோஷப்பட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் பதினெட்டு. அவர்தான் விளக்கிச் சொன்னார். அவருக்குக் கோளாறு நாற்பத்தெட்டில்தானாம். ஆனால் போன மாதம் எழுதும்போது தவறிவிட்டது. அதனால் வாரா வாரம் நல்ல பல்லையே பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு ரிட்டையர்டு பேருந்து ஓட்டுநர் இருப்பார். அவருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. மருந்து ஏற்றியதில் வாயெல்லாம் புண். தண்ணீர் குடித்தாலே கண்ணில் நீர் வரும். பல் இல்லாததால் அவருக்கு எண் இல்லை. எண் இல்லாதவரைக் கூப்பிட முடியாது என்பதால் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஆனால் மையத்தின் சாதனைப் பலகையில் அவர் இருந்தார். சொத்தைப்பல் ஒன்றுகூட இல்லாத நோயாளிகள் என்று அதில் ஒரு வரி; அதற்கு எதிரே ஒன்று என்று போட்டிருந்தது. சுற்று முடிந்து டார்ச்சுகள் எல்லாம் போன பிறகு, நர்ஸ் ஒரு டம்ளரில் உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து அவரைக் கொப்பளிக்கச் சொல்வார். அது மையத்தின் திட்டத்தில் இல்லாத வேலை. அதனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் செய்வார்.

முதல் வியாழக்கிழமையே தலைவர் மாமாவின் முன்னால் நின்றுவிட்டார். டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் வாயைப் பார்த்தார். நகைக்கடையில் எடை போடுகிறவர் மாதிரி முகம் மாறியது.

"எல்லாரும் பாருங்க," என்றார். "சொத்தை இருக்கு. சீழ் இருக்கு. நரம்பு பக்கத்துல இருக்கு. கதிர் நேரா இது மேலதான் விழப்போகுது. ஒரே பல்லுல இத்தனையும் கிடைக்க நாம கொடுத்து வச்சிருக்கணும்."

மாமாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தபடியே கை கூப்பினார்.

மையத்துக்குச் சிறப்புத் தகுதி வழங்குவது பற்றி முடிவு செய்ய ஒரு பார்வைக்குழு வரப்போவது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பல் பிரிவு, கதிர்ப் பிரிவு, அறுவைப் பிரிவு எல்லாம் ஒரே பல்லைச் சுற்றி நின்று எப்படி ஒருமனதாக முடிவெடுக்கிறார்கள் என்பதை அந்தக் குழுவுக்கு நேரில் காட்ட வேண்டும். அதற்கு ஒரு பல் வேண்டும். அந்தப் பல் மாமாவிடம் இருந்தது.

எப்போது பிடுங்குவீர்கள் என்று மாமா கேட்டார். தலைவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை என்பது மற்ற எல்லாருடைய முகத்திலும் தெரிந்தது.

"பிடுங்குறதை யார் வேணா செய்யலாம்," என்றார் தலைவர். "முன்னாடி கீழ ஒருத்தர் இருந்தார், பிடுங்கிட்டே இருப்பார். என்ன ஆச்சு? ஒரு பல்லாவது மிஞ்சிச்சா? நாங்க பல்லைப் பத்தி முதல்ல ஒரு பார்வையை உருவாக்குறோம். பிடுங்கிட்டா அப்புறம் காட்டுறதுக்கு என்ன இருக்கு?"

குழு வரும்வரை பல்லை அதே நிலையில் வைத்திருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதிகமாகச் சாப்பிட்டால் சீழ் குறைந்துவிடும், குறைவாகச் சாப்பிட்டால் கன்னம் வீங்கிவிடும், இரண்டுமே குழுவுக்கு முன்னால் நன்றாக இருக்காது என்று நர்ஸ் எங்களுக்கு விளக்கினார். விளக்கும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாரங்கள் போயின. காத்திருக்கும் நோயாளிகளுக்கு இடையில் பல் துலக்கும் வகுப்பு நடத்தினார்கள். மேஜை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தாடை. அதற்குத் துடைப்பம் அளவுக்கு ஒரு பிரஷ். வகுப்பு எடுப்பவர் ஒவ்வொரு பல்லாக, மேலிருந்து கீழாக, வியர்க்க வியர்க்கத் துலக்கினார். வாய் புண்ணானவர்கள் மிருதுவான பிரஷைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று பல தரம் சொன்னார். பதினெட்டு அம்மாள் அந்த மாதிரி ஒரு பிரஷ் கிடைக்குமா என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்று சுவரில் இருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினார்கள். வண்ண வண்ணமாக அடுக்கி, பூட்டு போட்டிருந்தது. குழு வந்து பார்த்த பிறகு கொடுப்பார்களாம்.

குழு வரவில்லை. ஒரு முறை தலைவருக்கு வெளிநாட்டுக் கூட்டம், ஒரு முறை குழுவில் ஒருவருக்குப் பல்வலி. தேதி தள்ளிக்கொண்டே போனது. கதிர் டாக்டர் எங்களைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் பல் போச்சா என்று கேட்பார்.

"எங்க சார், அது இப்பல்லாம் பெரிய மனுஷன்," என்பார் மாமா. "அதைப் பாக்கணும்னா நானே தேதி வாங்கணும்."

கதிர் டாக்டர் சிரிக்கவில்லை. மையத்தைத் தாண்டித் தான் எதுவும் செய்ய முடியாது என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். மாமா மூன்றாவதுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நடந்தார்.

சிரிப்பு எல்லாம் ஆஸ்பத்திரியில்தான். சாப்பிடும்போது மாமா சோற்றை வலது பக்கமே ஒதுக்கிக்கொள்ளத் தொடங்கினார். பிறகு சோற்றைப் பிசைந்து கரைத்துக் குடித்தார். ஒரு நாள் காலை அம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியோடு நான் சந்தைக்குப் போயிருந்தேன். மாமா தக்காளிக் கூடைக்கு ஏலம் கூவிக்கொண்டிருந்தார். ஒரு தரம் நன்றாகத்தான் வந்தது. ரெண்டு தரம் வாய்க்குள்ளேயே கொழகொழவென்று சுற்றியது. எவ்வளவு என்று வியாபாரிகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், "அண்ணே, வாயில இருக்கறத துப்பிட்டு கூவுங்க" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். கூடையைத் தட்டாமல், பக்கத்திலிருந்த இன்னொருவரைக் கூவச் சொல்லிவிட்டு என்னிடம் வந்து கஞ்சியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், பேருந்திலிருந்து இறங்கும்போதுதான் சொன்னார். "குரல் போனா நான் என்ன பண்ணுவேன் சாமியாரே? உன்ன மாதிரி சும்மா இருக்க எனக்குத் தெரியாதே."

அதற்கும் நான் பதிலைச் சரிபார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கடைசியில் தேதி உறுதியானது. உடனே ஒத்திகைகள் தொடங்கின. முதல் ஒத்திகையில் யார் எங்கே நிற்பது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அடுத்ததில் எப்போது தலையாட்டுவது. அதற்கும் அடுத்ததில் மாமாவுக்கு வசனம் கொடுத்தார்கள். இந்த மையம் எனக்கு மறுவாழ்வு தந்தது என்று சொல்ல வேண்டும். நான் இன்னும் முதல் வாழ்விலேயே உட்கார்ந்திருக்கிறேனே என்று மாமா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பிடுங்கும் கட்டத்தில் சின்ன டாக்டர் ஊசி இல்லாத சிரிஞ்சைக் கன்னத்துக்கு அருகில் கொண்டுபோவாள். பிடுங்கும் குறட்டை எடுத்து, பல்லுக்குப் பக்கத்தில் காற்றில் பிடித்துத் திருகுவாள். எல்லாரும் கை தட்டுவார்கள். நிகழ்ச்சியன்றும் அவ்வளவுதான். நிஜமாகப் பிடுங்குவது இரண்டாம் கட்டத்தில் வரும். இரண்டாம் கட்டத்துக்கு இன்னொரு குழு வரும்.

சின்ன டாக்டர் மையத்தில் சேர்ந்ததிலிருந்து ஒரு பல்லைக்கூடப் பிடுங்கவில்லை என்று நர்ஸ் எங்களிடம் சொல்லியிருந்தார். காற்றில் குறடு திருகும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை மாமாவின் வாய்க்குள் பார்த்தபடி, இன்னும் எத்தனை வாரம்தான் என்று தனக்குத்தானே சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

குழு வரும் நாளன்று காலையில் கடைசி ஒத்திகை. தலைவர் புதுக் கோட்டில் வந்தார். போன ஒத்திகை பொம்மலாட்டம் மாதிரி இருந்தது என்று எல்லாரையும் திட்டினார். பிறகு நடுவில் நின்று பேசினார்.

"நம்மகிட்ட என்ன குறை? கட்டடம் இருக்கு, அலமாரி இருக்கு, டார்ச் இருக்கு. உயிர் இல்ல. வர்றவங்க நோயாளிய பாக்க வரல, நம்மள பாக்க வர்றாங்க. அதை மனசுல வச்சுக்குங்க. யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?"

அது பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. ஆனால் மாமா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒரு பக்கம் வீங்கி மினுமினுவென்று இருந்தது. எப்போது பேசத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஒத்திகைல பல்லையும் பிடுங்குவாங்களா சார்?"

எல்லாரும் திரும்பினார்கள். வரவேற்புப் பெண்மணி என் வாயைப் பார்த்தார். தலைவருக்கு, தன் ஒத்திகையை ஒரு சின்னப் பெண் சந்தேகப்படுகிறாள் என்று பட்டிருக்க வேண்டும்.

"பின்ன என்ன நெனச்ச?" என்றார். "இங்க ஒத்திகைன்னா ஒத்திகை இல்ல. ஊசியிலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாமே நிஜமா நடக்கணும். ஒண்ணுகூடப் பொய்யா இருக்கக்கூடாது. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

கேட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். சின்ன டாக்டர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். தலைவர் வாசலில் வரவேற்பு ஒத்திகை பார்க்கப் போனார். அவரோடு பதவி வரிசைப்படி எல்லாரும் போனார்கள். அறையில் சின்ன டாக்டர், நர்ஸ், மாமா, நான் மட்டும்.

சின்ன டாக்டர் ஊசியைப் பொருத்தினாள். மாமாவின் கண் பெரிதானது.

"ஐயா, இது ஒத்திகை," என்றாள். "தலைவர் சொன்ன மாதிரி."

"நல்லா பண்ணும்மா," என்றார் மாமா. "எல்லாமே நிஜமா நடக்கணும்னு சொல்லிருக்காரு."

மரத்துப்போகக் காத்திருந்தார்கள். உதடு தடித்துவிட்டதா என்று கேட்டாள். மாமா சொன்ன பதில் யாருக்கும் புரியாததால் தடித்துவிட்டது என்று தெரிந்தது. நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். சின்ன டாக்டர் ஏதோ பழைய பூட்டைத் திறப்பது போல அவசரமில்லாமல், இப்படியும் அப்படியுமாக அசைத்தாள். பிறகு தட்டில் டங் என்று ஒரு சத்தம். மூன்றாம் மாடியில் நான் கேட்ட முதல் வேலைச் சத்தம் அது. பல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

பஞ்சை மடித்துப் பள்ளத்தில் வைத்து இறுக்கிக் கடிக்கச் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, துப்பக் கூடாது. சுவரில் மையமே மாட்டியிருந்த படத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. மாமா தலையாட்டினார். இரண்டு வாரம், பிறகு கதிர் டாக்டர் என்று அவள் என்னிடம் சொன்னாள்.  

தலைவர் திரும்பி வந்தார். முதலில் தட்டைப் பார்த்தார். பிறகு சின்ன டாக்டரைப் பார்த்தார்.

"நீங்க எல்லாமே நிஜமா நடக்கணும்னு சொன்னீங்க சார்," என்றாள் அவள்.

 தலைவர் மெல்லிய குரலில், அதைத் திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டார். இன்று மத்தியானம் வரைக்கும் நின்றால் போதும் என்றார்.  நர்ஸ் தட்டை எடுத்து மூடினார். இனி முப்பத்தாறு இல்லாதவரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார். அதற்குள் லிப்ட் திறந்து பார்வைக்குழு வந்துவிட்டது.

தலைவரிடம் ஒரு திறமை உண்டு. அதை மறைக்கக் கூடாது. லிப்டிலிருந்து நாற்காலிவரை குழுவினர் நடந்து வருவதற்குள் அவர் முகம் சரியாகிவிட்டது.

"இந்த மையத்தோட தாரக மந்திரமே காலத்தோட பிடுங்குறதுதான்," என்றார். "கதிருக்கு முன்னாடி கெட்ட பல் போயாகணும். ஒரு நாள்கூடத் தாமதிக்க நான் விடமாட்டேன். இதோ, இவர். எங்க மூணு பிரிவும் ஒருமனதா முடிவெடுத்து, சற்று முன்னாலதான் எடுத்தோம்."

குழுவில் வயதான ஒருவர் மாமாவிடம், எவ்வளவு காலமாக இங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். நேற்றுத்தான் வந்தார் என்று தலைவர் சொன்னார். அந்தப் பெரியவர் தலைவரைப் பார்க்காமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் மைக்கை எடுத்து மாமாவின் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

"சொல்லுங்க ஐயா. மையத்தைப் பத்தி ஒரு வார்த்தை."

மாமா பஞ்சைக் கடித்தபடி அவரைப் பார்த்தார். தலைவர் குழுவை ஒரு நோட்டம்விட்டு, மைக்கை இன்னும் கிட்டத்தில் நீட்டினார்.

"ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்."

வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த மனிதருக்கு நீட்டிய முதல் மைக் அது. அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தலைவர், குழு, டார்ச்சுகள், பூட்டிய அலமாரி என்று எல்லாரையும் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தலைவர் மறுபடி கேட்க வாயைத் திறந்தார்.

மாமா நாற்காலியின் கைப்பிடி மேல் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை அறைந்தார். ஒன்றும் சொல்லாமல், லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், படிகளில் இறங்கிப் போனார்.